மூலிகைச் சாரம் ஏற்றிய நானோ இழைப்படலம்: தோல் நோய்க்காக ஆய்வகத்தில் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

பாலிமர்க் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசியிலிருந்து நுண்ணிய இழையாக இழுத்து நூற்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் கருவியின் முன் முதன்முதலாக உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது மின்னழுத்தக் குமிழைத்தான். இழை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இழை எப்படியும் வந்துவிடும். ஏற்றிய மூலிகை அதில் கெடாமல் இருக்கிறதா, வெளியே வருகிறதா, வந்தது தோலுக்குப் பயன்படுமா என்ற கேள்விகளில்தான் மாதக்கணக்கில் முடங்கிப்போகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி தோலில் தொடங்குகிறது. ஊசிக்கு ஆறாவது படியில்தான் வருகிறது.

உதாரணத்துக்கு மஞ்சளின் குர்குமினையும் பாலிகேப்ரோலாக்டோன் (இனி பி.சி.எல்.) என்ற பாலிமரையும் எடுத்துக்கொள்கிறேன். குர்குமினுக்கு நிறம் இருப்பதால் தவறுகள் கண்ணுக்கே தெரியும். கற்றுக்கொள்ள இது பெரிய வசதி. இங்கே சொல்வதெல்லாம் ஆய்வக வேலை. பாதுகாப்புச் சோதனைகளும் அனுமதியும் முடியாத படலத்தை யார் தோலிலும் ஒட்டக் கூடாது, உங்கள் கையிலும்தான்.

1. முதலில் தோலின் நிலையை முடிவு செய்யுங்கள்

"தோல் நோய்க்கு" என்று பொதுவாக எழுதித் தொடங்கும் திட்டம் பாதியில் தடுமாறும். நீர் வடியும் கரப்பானும், செதில் உதிரும் சொரியாசிஸ் என்ற காளாஞ்சகப் படையும், சீழ் பிடித்த புண்ணும் மூன்று வேறு பரப்புகள்.

ஈரமான பரப்பில் படலம் தானாக ஒட்டும், கசிவை உறிஞ்சும், மருந்தும் கரைந்து வெளியேறும். உலர்ந்த செதில்மேல் அதே படலம் ஒட்டாது. ஒட்ட வைத்தாலும் மருந்தைக் கரைத்து இழுக்க அங்கே நீர் இல்லை. சொரியாசிஸுக்கு என்றால் ஈரத்தைத் தக்கவைக்கும் மேலுறையோ, நீரில் கரைந்து களிம்புபோல் படியும் பாலிமரோ தேவைப்படும். இது தெரிந்தால்தான் பாலிமரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மூலக்கூறின் எடையையும் இப்போதே பாருங்கள். முழுமையான தோலின் வெளியடுக்கை 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் எளிதில் கடப்பதில்லை. குர்குமின் சுமார் 368 டால்டன். வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு சுமார் 959. வல்லாரை ஏற்றிய படலம் தோல் கிழிந்த புண்ணில் வேலை செய்யலாம், மூடிய தோலில் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

அமிலகாரத் தன்மையும் மாறும். நலமான தோலின் மேற்பரப்பு பி.எச். 5-ஐ ஒட்டியது. ஆறாத நாள்பட்ட புண்ணில் அது 7-ஐத் தாண்டிவிடுகிறது. குர்குமின் காரத்தன்மையில் வேகமாகச் சிதையும் பொருள் என்பதை இங்கேயே குறித்து வையுங்கள். 9-ஆம் படியில் இதே விஷயம் திரும்ப வந்து நிற்கும்.

2. சாரத்தைத் தயார் செய்தல்

கடையில் வாங்கிய பொடியோடு நேராக நூற்பு அறைக்குள் நுழையாதீர்கள். தாவரத்தைத் தாவரவியலாளர் ஒருவர் அடையாளம் காண வேண்டும். ஒரு மாதிரியை உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டு வைக்க வேண்டும். அறுவடைப் பருவம் மாறினால் சேர்மங்களின் அளவும் மாறும். பின்னால் முடிவுகள் மாறினால் எதனால் என்று தேட இந்த மாதிரி ஒன்றுதான் ஆதாரம்.

அடுத்தது அடையாளச் சேர்மம், அதாவது சாரத்தின் தரத்தை அளக்க எடுத்துக்கொள்ளும் ஒரு சேர்மம். மஞ்சளுக்குக் குர்குமின், வல்லாரைக்கு ஏசியாட்டிகோசைடு. சாரத்தின் ஒவ்வொரு தொகுப்பிலும் அது எத்தனை சதவீதம் என்று சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி மூலம் அளந்து எழுதுங்கள். தூய குர்குமின் என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் மூன்று குர்குமினாய்டுகளின் கலவைதான்.

பலர் இடறுவது நீர்ச்சாரத்தில். கஷாயத்தை வற்றவைத்த சாரத்தில் உப்புகளும் சர்க்கரைகளும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்களும் கலந்திருக்கும். உப்பு கரைசலின் கடத்துத்திறனைக் கூட்டும், ஊசியிலிருந்து பாயும் தாரை அலைபாயும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும், படலம் மறுநாளே பிசுபிசுக்கும். பாலிமராக ஜெலட்டினை எடுத்திருந்தால் டானின் அதோடு பிணைந்து கட்டியாகப் படியும். "கரைசல் திடீரென்று திரிந்துவிட்டது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பட்டைச் சாரமா, கடுக்காய்ச் சாரமா என்றுதான்.

எண்ணெய் மருந்துகள் தனிக் கதை. சித்த மருத்துவத்தில் சொரியாசிஸுக்குப் பயன்படும் வெட்பாலைத் தைலம் தேங்காயெண்ணெயில் ஊறியது. அதை நீர்ப் பாலிமர்க் கரைசலில் ஊற்றினால் மேலே மிதக்கும். பால்மமாக்கி நூற்க வேண்டும், அல்லது உள்ளே எண்ணெய், வெளியே பாலிமர் என்று இரட்டைக்குழல் ஊசியால் நூற்க வேண்டும். முதல் முயற்சிக்கு இரண்டும் வேண்டாம்.

சாரத்தை முழுவதுமாக உலர்த்தி, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த கரைசலாகவே பயன்படுத்துங்கள். கரையாத துகள் ஒன்று போதும், ஊசி அடைத்துக்கொள்ளும்.

3. பாலிமர், கரைப்பான், கிருமி நீக்கம்: மூன்றையும் ஒரே மேசையில் முடிவு செய்யுங்கள்

கிருமி நீக்கத்தைக் கடைசிப் படி என்று ஒதுக்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. படலம் தயாரான பிறகு யோசித்தால் ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுவது தெரியும்.

நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி செல்சியஸ். பி.சி.எல். சுமார் 60 டிகிரியில் உருகிவிடும். 70 சதவீத எத்தனாலில் நனைத்தால் குர்குமின் மஞ்சளாக எத்தனாலுக்குள் இறங்கிவிடும். புற ஊதா ஒளி குர்குமினைச் சிதைக்கும், தடித்த படலத்தின் உள்ளேயும் போகாது. மிஞ்சுவது காமாக் கதிர், எத்திலீன் ஆக்சைடு, அல்லது தொடக்கம் முதலே கிருமியற்ற சூழலில் நூற்பது. காமாக் கதிருக்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே. அதில் பாலிமர்ச் சங்கிலியும் சாரமும் எவ்வளவு மாறின என்று அளந்தாக வேண்டும். எத்திலீன் ஆக்சைடு என்றால் எச்ச வாயு முழுவதும் வெளியேற நாள் கொடுக்க வேண்டும். எந்த வழி உங்களுக்குக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகே பாலிமரை வாங்குங்கள்.

நீர் வடியும் பரப்புக்குப் பலரும் எடுப்பது பாலிவினைல் ஆல்கஹால், அதாவது பி.வி.ஏ. நீரில் கரையும், கரைப்பான் நச்சு இல்லை, இழையும் சுலபமாக வரும். ஆனால் நூற்ற படலம் ஒரு துளி நீர் பட்டதும் கரைந்து காணாமல் போகும். அதைத் தடுக்கக் குறுக்கிணைப்பு, அதாவது பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது, தேவை. குளுட்டரால்டிஹைடு ஆவி செல்களுக்கு நச்சு, மிச்சம் தங்கும். சிட்ரிக் அமிலம் நல்லதுதான், ஆனால் 140 டிகிரியை ஒட்டிய சூடு கேட்கும். உங்கள் சாரம் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதை வெறும் சாரத்தை மட்டும் அதே சூட்டில் வைத்து அளந்து பாருங்கள். படலம் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது.

பி.சி.எல்.லுக்குக் குறுக்கிணைப்பு தேவையில்லை. நீரில் கரையாது, மருந்தை மெதுவாக விடும். விலையாகக் கரிமக் கரைப்பானைச் சுமக்க வேண்டும். எச்சக் கரைப்பானுக்கு, மருந்துத் தரத்துக்கான சர்வதேச ஐ.சி.எச். வழிகாட்டுதல் தரும் வரம்புகள்: குளோரோஃபார்ம் 60 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), டைகுளோரோமெத்தேன் 600, டைமெத்தில் ஃபார்மமைடு 880, மெத்தனால் 3000. குளோரோஃபார்மின் வரம்பு எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவை நன்றாக ஒத்துழைக்கும். தோலுக்குப் போகும் கட்டத்தில் அதை மாற்றியே ஆக வேண்டியிருக்கலாம்.

4. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு? கணக்கைப் போடுங்கள்

இந்தக் கணக்கைப் போடாமல் நூற்பவர்களே அதிகம். பத்து நிமிட வேலை இது.

10 சதவீதக் கரைசல் என்றால் 1 மி.லி.யில் 100 மி.கி. பாலிமர். பம்ப் மணிக்கு 0.5 மி.லி. தள்ளினால் மணிக்கு 50 மி.கி. இழை. நான்கு மணி நேரத்தில் 200 மி.கி. அது 100 சதுர செ.மீ. பரப்பில் படிந்தால் சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பாலிமர் எடையில் 5 சதவீதம் குர்குமின் ஏற்றியிருந்தால் சதுர செ.மீ.க்கு 0.1 மி.கி. மருந்து. உங்கள் சாரம் பாக்டீரியாவைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவை இதனுடன் ஒப்பிடுங்கள். ஒப்பிட்ட பிறகு திட்டத்தையே மாற்றியவர்கள் உண்டு. தூய சேர்மத்துக்குப் பொருந்தும் கணக்கு, அடையாளச் சேர்மம் 2 சதவீதமே உள்ள முழுச் சாரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

சதவீதத்தைப் பாலிமர் எடையில் சொல்கிறீர்களா, கரைசலின் கனஅளவிலா என்று குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு வரும்.

5. கரைசல்

பி.சி.எல்., மூலக்கூறு எடை 80,000, 10 முதல் 12 சதவீதம். குளோரோஃபார்ம் மூன்று பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. முதலில் குளோரோஃபார்மில் பாலிமரை மூடிய கண்ணாடிக் குப்பியில் கலக்குங்கள். சாரத்தை மெத்தனாலில் தனியே கரைத்து, வடிகட்டிக் கடைசியில் சேருங்கள். சாரத்தை முதலிலேயே போட்டால் மணிக்கணக்கான கலக்கலில் ஒளியும் காற்றும் பட்டுக் கெடும். மெத்தனாலை முதலிலேயே ஊற்றினால் பாலிமர் கரையச் சுணங்கும். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

பி.வி.ஏ. என்றால் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கிக்கொண்டே 80 முதல் 90 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். சூடான நீரில் நேராகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் கரைந்து, உள்ளே உலர்ந்த கட்டி நின்றுவிடும். ஆறிய பிறகே சாரம் சேர்க்க வேண்டும்.

காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை அசைக்காமல் வையுங்கள். சிரிஞ்சில் ஒரு குமிழி இருந்தாலும் தாரை அறுந்து, படலத்தில் சொட்டு விழும்.

6. கருவியும் பாதுகாப்பும்

தேவையானவை: உயர் மின்னழுத்த வழங்கி, சிரிஞ்சு பம்ப், முனை மழுங்கிய 21 கேஜ் ஊசி, தரையிணைப்புள்ள சேகரிப்பான், காற்று உறிஞ்சும் அறை, ஈரப்பதமானி. குளோரோஃபார்முக்குக் கண்ணாடிச் சிரிஞ்சே நல்லது. பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை ஊதி, பம்ப் தள்ளத் தள்ள நின்றுவிடும்.

சேகரிப்பான்மேல் அலுமினியத் தாள் பரப்புவது வழக்கம். ஆனால் மெல்லிய படலத்தை அதிலிருந்து உரித்தால் கிழியும். சிலிகான் பூசிய காகிதத்தை மேலே வைத்தால் முழுசாக உரிந்து வரும். காகிதம் மின்கடத்தாதது என்பதால் படலம் தடிக்கும்போது இழைகள் விலகிப் பறக்கலாம், எனவே ஒரே காகிதமாக இருக்கட்டும்.

மின்னழுத்தத்தை அணைத்தாலும் ஊசியில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கும். தரையிணைத்த, காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியால் ஊசியைத் தொட்டு இறக்கிய பிறகே கை வையுங்கள். எத்தனால், அசிட்டோன் போன்று எரியும் கரைப்பான்களுக்கு இது இருமடங்கு முக்கியம். ஒரு தீப்பொறி போதும்.

7. நூற்பு

முதல் படலம் எப்போதும் சாரம் இல்லாத வெற்றுப் படலமாக இருக்கட்டும். வெற்றுப் படலமே சரியாக வராத நிலையில் சாரத்தைச் சேர்த்தால், பிழை எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அதுதான் ஒப்பீட்டு மாதிரி.

தொடக்க அமைப்பு: தூரம் 15 செ.மீ., ஓட்டம் மணிக்கு 1 மி.லி., மின்னழுத்தம் 12 கிலோவோல்ட், ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி. இந்த எண்களை வேதமாகக் கொள்ள வேண்டாம். ஊசி நுனியைப் பாருங்கள், ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து.

மின்னழுத்தம் ஏறும்போது தொங்கும் உருண்டைத் துளி நீண்டு கூம்பாகும். கூம்பின் முனையிலிருந்து மயிரிழை போன்ற தாரை சில மில்லிமீட்டர் நேராகப் போய், பிறகு சுழன்று விரிந்து கண்ணுக்கு மறையும். இதுதான் வேண்டிய நிலை. துளி பருத்துச் சொட்டினால் ஓட்டம் அதிகம், அல்லது மின்னழுத்தம் குறைவு. கூம்பு ஊசிக்குள்ளேயே உள்வாங்கினால் அழுத்தம் அதிகம். நுனியில் ஜவ்வு கட்டினால் கரைப்பான் வேகமாக ஆவியாகிறது. அழுத்தத்தை அணைத்து, மின்னூட்டத்தை இறக்கி, துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

நுண்ணோக்கியில் இழை நடுவே மணிகள் தெரிந்தால் கரைசலின் செறிவு போதவில்லை. புதியவர்கள் உடனே மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். மணி போகாது. பாலிமரை 1 சதவீதம் கூட்டுங்கள். சாரம் சேர்த்த பிறகு மட்டும் மணி வந்தால், சாரம் பாகுத்தன்மையைக் குறைத்துவிட்டது என்று பொருள். இழைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால் ஈரமாகவே வந்து விழுகின்றன: தூரத்தைக் கூட்டுங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள். பி.வி.ஏ.வுக்கு அறையின் ஈரப்பதத்தையும் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்ற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதி இது, மாலை ஐந்து மணிக்குமேல் யாரும் மதிப்பதில்லை.

குர்குமின் படலம் சீரான வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் சொட்டு விழுந்திருக்கிறது, அல்லது மருந்து படிகமாகப் பிரிந்திருக்கிறது. நடு அடர்ந்தும் ஓரம் வெளுத்தும் இருப்பது நிலைத்த தட்டில் இயல்பு. சுழலும் உருளைக்கு மாறினால் குறையும்.

8. உலர்த்தி, அளத்தல்

வெற்றிட அடுப்பில் அறை வெப்பநிலையில் ஓரிரு நாள் உலர்த்துங்கள். "மூக்கில் வாசம் இல்லை" என்பது அளவீடு அல்ல. எச்சக் கரைப்பானை வாயு வண்ணப்படிவியலில் அளந்து, 3-ஆம் படியின் வரம்புகளோடு ஒப்பிடுங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் குறைந்தது 100 இழைகளின் விட்டத்தை அளந்து பரவலோடு கொடுங்கள். அழகான ஒரு படம் எதையும் நிரூபிக்காது. படலத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் இருந்து எடுங்கள்.

அதே ஐந்து இடங்களிலிருந்து துண்டுகளை எடை போட்டு, கரைப்பானில் முழுமையாகக் கரைத்து மருந்தின் அளவைக் காணுங்கள். குர்குமினுக்கு எத்தனாலில் 425 நானோமீட்டர் அருகே உச்சம். பி.சி.எல். எத்தனாலில் கரையாது என்பதால் முதலில் குளோரோஃபார்மில் கரைத்து, பிறகு எத்தனாலால் பாலிமரை வீழ்த்தி, தெளிந்ததை அளக்க வேண்டும். அளவீட்டு நேர்கோட்டையும் அதே கலவையில் வரையுங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஓரத்தை வெட்டி எறியுங்கள். அடுத்த சோதனைகளில் துண்டுக்குத் துண்டு முடிவு மாறுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எக்ஸ் கதிர்ச் சிதறலில் குர்குமினின் படிக உச்சங்கள் மறைந்திருந்தால் மருந்து பாலிமருக்குள் உருவமற்ற நிலையில் பரவியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து அதே துண்டை மீண்டும் பாருங்கள். உச்சங்கள் திரும்பி வந்திருந்தால் படலம் அலமாரியில் இருந்தபடியே மாறிக்கொண்டிருக்கிறது.

9. வெளியீட்டுச் சோதனை

மிக அதிகமான தவறான முடிவுகள் பிறக்கும் இடம் இது.

பி.எச். 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் படலத்தைப் போட்டு 37 டிகிரியில் வைத்தால், குர்குமின் மிகக் குறைவாக வந்ததாகத் தெரியும். "மெதுவான வெளியீடு" என்று மகிழ்ச்சியோடு எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. நீரில் குர்குமின் ஏறக்குறையக் கரையாது, அதனால் வெளியே வர இடமே இல்லை. வந்த கொஞ்சமும் சிதைந்துபோகிறது. இதை ஒட்டிய பி.எச். 7.2-இல், சீரம் இல்லாத தாங்கலில் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதையும் என்பது 1997 முதலே அறிந்த செய்தி.

எனவே கரைசலில் நீரில் கரையாததைக் கரைக்க உதவும் ட்வீன் 80-ஐ 0.5 சதவீதம் சேருங்கள், அல்லது நலமான தோலுக்கு ஏற்ப பி.எச். 5.5-ஐத் தேர்ந்தெடுங்கள். முழு மருந்தும் வெளியே வந்தாலும் கரைதிறனின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத அளவுக்குக் கரைசல் இருக்க வேண்டும். வெறும் குர்குமினை அதே கரைசலில், அதே நேரம் வைத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பக்கத்திலேயே அளந்துகொண்டிருங்கள். சோதனை முடிந்ததும் படலத்தைக் கரைத்து மிச்சத்தையும் அளந்து கூட்டுங்கள். வந்ததும் மிச்சமும் சேர்ந்து ஏற்றியதற்குச் சமமாக வரவில்லை என்றால் வரைபடத்தை நம்ப வேண்டாம்.

50 மி.லி.யில் இருந்து ஒவ்வொரு முறையும் 1 மி.லி. எடுத்துப் புதிதாக 1 மி.லி. ஊற்றினால், முன்பு எடுத்தவற்றில் இருந்த மருந்தையும் கூட்ட வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாத வரைபடம் கடைசியில் கீழ்நோக்கி வளையும். மொத்த வெளியீடு குறைய வழியே இல்லை.

தோலைக் கடக்கிறதா என்பது வேறு சோதனை: தோல் துண்டை நடுவே வைத்து மருந்து மறுபக்கம் போவதை அளக்கும் ஃபிரான்ஸ் கலம், தோலின் மேற்பரப்பு 32 டிகிரி.

10. பாக்டீரியா, செல், ஒவ்வாமை

அகார் தட்டில் தெளிவு வளையம் சிறியதாக இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீர்வெறுக்கும் சேர்மம் அகாருக்குள் பரவாது. படலத்தைத் திரவ ஊடகத்தில் பாக்டீரியாவோடு வைத்து, உயிருள்ளவற்றை எண்ணுவதே நம்பகமானது. தோலுக்கு என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கட்டாயம்.

செல் நச்சுத்தன்மைக்கு ஐ.எஸ்.ஓ. 10993-5 தரநிலை. உயிர்த்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்ள வேண்டும். ஆனால் உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் சாயத்தை வைத்து உயிர்த்திறனை அளக்கும் எம்.டி.டி. சோதனை மூலிகைக்கு ஒரு பொறி வைக்கிறது. மூலிகையில் உள்ள பாலிஃபீனால் சேர்மங்கள் செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கும், செத்த செல்கள் உயிரோடு இருப்பதாகக் காட்டும். செல் இல்லாத குழியில் சாரத்தையும் எம்.டி.டி.யையும் மட்டும் போட்டு ஒரு வரிசை வைத்தால் பொறி வெளிப்படும். நிறம் வந்தால் வேறு முறைக்கு மாறுங்கள்.

எரிச்சலுக்கு ஐ.எஸ்.ஓ. 10993-23, ஒவ்வாமைக்கு 10993-10. மூலிகை என்பதால் இவற்றைத் தாண்டிப் போகலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. தொடு ஒவ்வாமை தரும் தாவரங்கள் ஏராளம், தோல் ஏற்கெனவே உடைந்திருக்கும் நோயாளியிடம் அது இன்னும் எளிதில் கிளம்பும். வெற்றுப் படலம், சாரம் ஏற்றிய படலம், படலமில்லாத சாரம் என்று மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கிருமி நீக்கம் செய்த பிறகு எடுத்த துண்டுகளையே இதற்குக் கொடுங்கள். நீக்கத்துக்கு முந்தைய துண்டில் கிடைத்த முடிவு நெறிமுறைக் குழுவின் முன் நிற்காது.